பச்சையாய்த் திரும்பி வந்த சிவப்பு பஸ்

வியாழக்கிழமை காலை பத்தே காலுக்கு ஒரு பெண் எங்கள் ஆபீஸ் மேஜைமேல் ஒரு பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

பயப்படாதீர்கள், பிளாஸ்டிக் பஸ். ஒரு சாண் நீளம். வேலூர் லாங் பஜாரில் பூண்டு மண்டிக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் ஆபீஸ். கீழே தள்ளுவண்டி நிறுத்த இடமில்லாமல் தினம் நாலு சண்டை நடக்கும். அப்படிப்பட்ட தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடிக்காமல் வந்து நின்றதே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

"என் பேரு ஹுமேரா. ஆம்பூர்ல இருந்து வர்றேன். நாளைக்கு ஜும்மா முடிஞ்சி எனக்கு நிச்சயதார்த்தம். இந்த பஸ்ஸால நின்னு போச்சி."

"பஸ்ஸால டிராஃபிக்தான் நிக்கும்னு நெனச்சேன்," என்றேன்.

மேகலா மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கீழே போய் டீ சொல்லிவிட்டு வந்தேன்.

மேடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தோல் ஷெட்டில் ஃபினிஷிங் பிரிவில் ஒன்பது வருஷம், அப்புறம் ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் ஒன்பது வருஷம் இருந்தவர். குறை கண்டுபிடித்தே வாழ்ந்தவருக்கு, வேலையை விட்ட பிறகும் கை சும்மா இருக்கவில்லை. துப்பறியும் ஆபீஸ் திறந்துவிட்டார். நான் ஆபித் பாஷா, அவருடைய உதவியாளன். அதற்கு முன் மருந்துக் கம்பெனி ரெப். மேடம் கையில் ரிஜெக்ட் ஆகாத ஒரே ஐட்டம் நான்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். "இன்னும் செக் பண்ணி முடிக்கலை," என்பார் அவர்.

ஹுமேரா மூச்சுவிடாமல் சொன்ன கதை இதுதான். அவள் அப்பா ஹபீப், ஆம்பூரில் தோல் ஷெட் வைத்திருப்பவர். அவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அவருடைய அப்பா ஜெர்மனியில் நடந்த தோல் கண்காட்சிக்குப் போய்வந்தார். வரும்போது வாங்கிவந்தது ஒரு சிவப்பு பஸ். அன்றிலிருந்து அது வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் ஹபீப் தன் கையாலேயே துடைப்பார். வேறு யாரும் தொடக்கூடாது.

மாப்பிள்ளையாக வரவேண்டியவன் தௌசீப் அகமது. ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். மிச்ச நேரமெல்லாம் பழைய பிளாஸ்டிக் மாடல் வண்டிகளைத் தேடிப்பிடித்து, அவற்றின் பழைய பெயின்ட்டை உரித்துப் புதுசாக்குவதுதான் அவன் பைத்தியம்.

"வண்டி ஓட்ட லைசென்ஸ் கிடையாது மேடம். ஆனா நாப்பது வண்டி வெச்சிருக்கார்," என்றாள் ஹுமேரா. இவ்வளவு கவலையிலும் அதைச் சொல்லும்போது ஒரு பெருமை.

பெண் கேட்டு வந்த இடத்தில் ஹபீப் ஒரு பரீட்சை வைத்தார். 'இந்த பஸ்ஸோட உடம்புல பெயின்ட் கிடையாது, பிளாஸ்டிக்கே சிவப்பு. கூரை மேல மட்டும் சின்ன வயசுல கதவுக்கு அடிக்கிற வெள்ளையை எடுத்து அடிச்சி வெச்சிருக்கேன். அதை மட்டும் உரிச்சிக் குடு. உன் கைவேலையைப் பார்க்கிறேன்' என்று பஸ்ஸைக் கொடுத்தனுப்பினார்.

பத்து நாள் கழித்து பஸ் திரும்பி வந்தது. பச்சையாக.

மேஜைமேல் இருந்த பஸ்ஸைப் பார்த்தேன். கிளிப்பச்சை. அடியில் திருப்பினாலும் பச்சை, ஜன்னல் விளிம்பில் பார்த்தாலும் பச்சை.

"அப்பா இன்னா சொல்றார்னா, பெயின்ட்டை உரிச்சா பெயின்ட்தான் போவும், பிளாஸ்டிக்கோட நிறமே எப்படிப் போவும்? இவன் என் பஸ்ஸை தன் ஷெல்ஃபுல வெச்சிக்கிட்டு வேற ஒண்ணை என் தலையில கட்டறான். பொம்மையில ஏமாத்தறவன் பொண்ணு விஷயத்துல ஏமாத்த மாட்டானான்னு கேக்கறார்."

"நியாயமான கேள்வியாத்தான் இருக்கு," என்று வாயைவிட்டேன்.

ஹுமேராவின் கண் நிறைந்துவிட்டது. எனக்கு என் வாயையே ஒரு அடி போடலாமா என்றிருந்தது.

"அவர் திருடலை," என்றாள். "பஸ்ஸு சிவப்பாத்தான் குளிக்கப் போச்சி, பச்சையா வெளிய வந்துச்சின்னு அழறார். நாளைக்குள்ள நிரூபிக்கலைன்னா அப்பா இந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார். எனக்கு அவர்தான் வேணும் மேடம். வேற யாரும் வேணாம்."

இவ்வளவு நேராக ஒரு பெண் பேசி நான் கேட்டதில்லை. மேடம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"என் பேரை உங்களுக்கு யார்ம்மா சொன்னது?"

"எங்க அம்மி. வேலூர்ல மேகலான்னு ஒருத்தங்க இருக்காங்க, அவங்ககிட்டயே போ, வேற எங்கயும் போகாதேன்னு சொன்னாங்க."

"அப்படியா?" என்றார் மேடம். அந்த 'அப்படியா'வில் எனக்குப் புரியாத ஏதோ இருந்தது. அவருடைய பாதி வார்த்தைகள் அப்படித்தான்.

*

பகல் பன்னிரண்டு மணிக்கு ஆம்பூரில் தௌசீப்பின் மாடி அறையில் இருந்தோம். ஹுமேராவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு பஸ்ஸை மட்டும் கையோடு வாங்கி வந்திருந்தோம்.

அறை முழுக்க வண்டி உடம்புகள். சக்கரம் இல்லாத ஜீப், கதவு இல்லாத கார், நிர்வாணமாக ஒரு லாரி. ஜன்னலோரம் மூடி போட்ட டப்பாக்களில் எண்ணெய்க்குள் சில கார்கள் ஊறிக்கொண்டிருந்தன. வரிசையாகப் பன்னிரண்டு பல் துலக்கும் பிரஷ். ஒன்றுகூடப் பல்லைப் பார்த்ததில்லை.

தௌசீப் ஒல்லியான பையன். நாலு நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"ஊறப்போடறது இன்னா? ஊறுகாயா?" என்று கேட்டேன்.

"பிரேக் ஆயில் சார். கடையில விக்கிற எந்த பெயின்ட்டா இருந்தாலும் இதுல ரெண்டு நாள் இருந்தா தோலா உரிஞ்சிடும். பிளாஸ்டிக்குக்கு ஒண்ணும் ஆவாது."

"தின்னர் போட்டா அஞ்சு நிமிஷத்துல போயிடுமே?"

தெரியாத்தனமாகக் கெட்டவார்த்தை பேசிவிட்டவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான். "தின்னரா? பெயின்ட்டோட வண்டியும் போயிடும் சார். பிளாஸ்டிக்கே உருகிடும். தின்னர், அசிட்டோன் ரெண்டையும் நான் இந்த ரூமுக்குள்ளயே விடமாட்டேன்."

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்த பஸ்ஸை இன்னா பண்ணீங்க? ஒண்ணொண்ணா சொல்லுங்க."

"பிரேக் ஆயில்ல ரெண்டு நாள் போட்டேன் மேடம். கூரை வெள்ளை அப்படியே ஏடு மாதிரி எழும்பி வந்துடுச்சி. சிவப்பு அசையவே இல்ல. சரி, அங்கிள் சொன்ன மாதிரி பிளாஸ்டிக்கே சிவப்புதான்னு நம்பிட்டேன். அப்புறம் எண்ணெய்ப் பிசுக்கு போவட்டும்னு, ஜன்னல் கண்ணாடி துடைக்கிறோமில்ல, அந்த நீல மருந்துல போட்டேன். அமோனியா வாடை வரும்ல, அது. போட்டுட்டு தொழப் போனேன். வந்து பார்த்தா தண்ணி ரத்தமா இருக்கு. உள்ள பச்சை பஸ்ஸு."

"போட்டோ?"

"முன்னாடி ஒண்ணு எடுத்தேன், சிவப்பா. பின்னாடி ஒண்ணு, பச்சையா. நடுவுல எடுக்கணும்னு தோணலை மேடம். தோணியிருந்தா இந்நேரம் மாப்பிள்ளை டிரஸ்ஸுக்கு அளவு குடுத்திருப்பேன்."

"அந்த சிவப்புத் தண்ணிய கொட்டிட்டீங்களா?"

"எங்க கொட்டறது? ஆம்பூர்ல ஒரு சொட்டு கலர் தண்ணி வாய்க்கால்ல போனாப் போதும், தெருவே கூடிடும். ஹவுஸ் ஓனர் வேற பேஜார் புடிச்ச மனுஷன். பாட்டில்ல ஊத்தி வெச்சிருக்கேன். அங்கிள்கிட்டயும் கொண்டு போனேன். திறந்துகூடப் பார்க்கலை. 'சிவப்புத் தண்ணி யார் வேணா கலக்கலாம்'னு சொல்லிட்டார்."

மேடம் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார். பிறகு எழுந்துவிட்டார். "பாஷா, வாங்க. வெயில் ஜாஸ்தியா இருக்கு. லெமன் ஜூஸ் குடிக்கலாம்."

"மேடம், என் கல்யாணம்..." என்றான் தௌசீப்.

"அதுக்குத்தான் ஜூஸ் குடிக்கப் போறேன்."

*

தெருமுனை ஜூஸ் கடையில் எனக்கு ஒரு டம்ளர் லெமன் ஜூஸ் சொன்னார். தனக்கு இரண்டு எலுமிச்சம்பழத் துண்டும் ஒரு காலி டம்ளரும் மட்டும் கேட்டார். கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் தோளைக் குலுக்கினேன்.

காலி டம்ளரில் சிவப்புத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி, மேடம் எலுமிச்சையைப் பிழிந்தார். இன்னொரு துண்டையும் பிழிந்தார்.

டம்ளருக்குள் சிவப்பு திரிந்தது. ஆமாம், பால் திரிவதுபோலவே. சின்னச் சின்னக் கட்டியாகச் சிவப்பு அடியில் இறங்க, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது.

"யா அல்லாஹ்! சிவப்பு பன்னீர்!"

"ஏறக்குறைய அதான். தோலுக்குப் போடற கலர்ல கேசீன்னு ஒண்ணு சேர்ப்பாங்க பாஷா. பாலுல இருந்து எடுக்கறது. அமோனியாவுல கரையும், புளிப்பு பட்டா திரியும். பிரேக் ஆயிலுக்கெல்லாம் மசியாது. தௌசீப் சொன்னது அத்தனையும் நிஜம். இந்த பஸ் எப்பவுமே பச்சைதான். அது மேல யாரோ தோலுக்குப் போடற சிவப்பைப் போட்டிருக்காங்க."

"அப்ப பையன் தப்பிச்சான்!"

"எங்க தப்பிச்சான்? 'சிவப்பு பஸ்ஸை எடுத்துட்டு, ஒரு பச்சை பஸ்ஸுக்கு நீயே தோல் கலர் அடிச்சி, நீயே கழுவிட்டு நாடகம் ஆடறே'ன்னு ஹபீப் பாய் கேப்பார். அடிச்சது யாரு, எப்போன்னு தெரியணும்."

"ஆம்பூர்ல சிவப்பு கலக்கறவங்க லிஸ்டு எடுத்தா வாக்காளர் பட்டியல் அளவுக்கு வரும் மேடம்."

"பஸ்ஸு நாப்பத்தஞ்சு வருஷமா ஒரே வீட்ல இருக்கு. அந்த வீட்டு ஷெட்ல கலர் கலக்கினது யாரு? அவங்க ஒருத்தரைப் பார்த்தாப் போதும்."

*

அந்த ஒருத்தர் பெயர் சீனிவாசன். வயது எழுபத்து நாலு. முப்பத்தைந்து வருஷம் ஹபீப் பாய் ஷெட்டில் கலர் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் வீடு. நாங்கள் போனபோது கட்டிலில் உட்கார்ந்து டிவியில் சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா மசாலா கலர் சரியில்ல. கரிஞ்சி போச்சி," என்று டிவியைக் குறை சொல்லிக்கொண்டே எங்களை உள்ளே கூப்பிட்டார். மேடத்துக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. ஒரே ஜாதி. குறை கண்டுபிடிக்கிற ஜாதி.

மேடம் ஒரு வெள்ளைக் காகிதத்தைக் காட்டினார். ஜூஸ் கடையிலேயே பாட்டில் தண்ணீரில் நனைத்து வெயிலில் காயவைத்திருந்தார். பெரியவர் கண்ணாடியை மாட்டவில்லை. கட்டை விரலை நாக்கில் தொட்டு காகிதத்தில் ஒரு தேய். விரலைப் பார்த்தார். உதட்டில் சிரிப்பு வந்தது.

"இன்னாம்மா இது, இதைப் போய் மறப்பனா? இந்த சிவப்பு என் உயிரை வாங்கிச்சே! பதினோரு தடவை கலக்க வெச்சார் சின்ன முதலாளி. மூணு நாளு. கையில சாம்பிளும் கிடையாது. 'சிவப்பு என் கண்ணுக்குள்ள இருக்கு, நான் சொல்றேன் நீ கலக்கு'ன்னு நிக்கறார். கொஞ்சம் கறுப்பு கம்மி பண்ணு, கொஞ்சம் ஆரஞ்சு ஏத்துன்னு ஒரே ரோதனை."

"சின்ன முதலாளின்னா?"

"ஹபீப் பாய்தான். வேற யாருக்கு அந்தக் கண்ணு?"

கட்டிலுக்கடியிலிருந்து ஒரு தகர டப்பா வெளியே வந்தது. உள்ளே வளையத்தில் கோத்த நூற்றுக்கணக்கான தோல் துண்டுகள். ஷெட்டில் ஒரு கலர் பாஸ் ஆனால், உள்ளங்கை அகலத் தோலில் அந்தக் கலரைப் போட்டு, பின்பக்கம் தேதியும் எந்தக் கம்பெனிக்கு என்பதும் எழுதி முதலாளி கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஸ்வாட்ச் என்று பெயர். நாளைக்கு எவனாவது 'இது நான் கேட்ட கலரே இல்லை' என்று தகராறு செய்தால் அதைத்தான் மூஞ்சிக்கு நேரே நீட்டுவார்கள். பெரியவர் எல்லாவற்றிலும் தனக்கென்று ஒரு துண்டு எடுத்து வைத்திருந்தார்.

சீட்டு விளையாடுகிற வேகத்தில் தள்ளிக்கொண்டே போய் ஒன்றில் நின்றார். ரத்தச் சிவப்பு. மேடம் அதைத் திருப்பினார். ஜனவரி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு. கீழே ஹபீப் பாயின் கையெழுத்து. கம்பெனி பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரே வார்த்தை.

'வீடு.'

"வீட்டுக்கு எதுக்குப்பா சிவப்பு?" என்று கேட்டார் மேடம்.

"அதைக் கேக்கற தைரியம் எனக்கு ஏது? அரை லிட்டர் பாட்டில்ல ஊத்தி எடுத்துட்டுப் போனார். புது மாப்பிள்ளை வேற அப்போ."

*

அந்தத் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பும்போது எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"கேஸ் முடிஞ்சது மேடம்! மாமனாரேதான் திருடன். அவரே கலக்கியிருக்கார், அவரே கையெழுத்து போட்டிருக்கார். பையனைப் பிடிக்கலை, பழியைத் தூக்கிப் போட்டுட்டார். கையும் களவுமா, இல்ல, கையும் கையெழுத்துமா மாட்டிக்கிட்டார்."

"பாஷா, கேசீன் கலர் போட்டா கடைசியா மேல இன்னா அடிப்பாங்க?"

"நான் மாத்திரை வித்தவன் மேடம்."

"ஃபார்மலின். அதை அடிச்சிட்டா கலர் இறுகிடும். அப்புறம் அமோனியா இல்ல, அவங்க அப்பனே வந்தாலும் கரையாது. தோல் ஷெட்டுக்காரன் எவனும் அதை மறக்க மாட்டான். ஹபீப் பாய் தூக்கத்துலகூட மறக்க மாட்டார். ஆனா இந்த பஸ்ஸுல அது அடிக்கலை. ஏன்?"

"ஏன்?"

"கண்ணெரியற வாடை. ஷெட்ல அடிச்சா அந்த நாத்தத்துல இது ஒரு நாத்தம், யாரும் கண்டுக்க மாட்டாங்க. வீட்ல அடிச்சா, 'இன்னா வாடை இது'ன்னு சாயங்காலம் வந்தவர் கேப்பார். அந்தக் கேள்விக்கு பயந்தவங்க யாரோ, வீட்டுக்குள்ளயே வெச்சி இந்த வேலையைச் செஞ்சிருக்காங்க."

நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். "மேடம்..."

"வேலூர்ல நாலு துப்பறியற ஆபீஸ் இருக்கு. ஃபினிஷிங்ல வேலை பார்த்தவ நான் ஒருத்திதான். பெத்த பொண்ணை என்கிட்ட மட்டும் போகச் சொன்னது யாரு? வண்டியை எடுங்க."

*

சாயங்கால அசர் தொழுகை முடித்து ஹபீப் பாய் அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். ஆறடி உயரம், நரைத்த தாடி, வெள்ளை ஜிப்பா. ஹாலில் பெரிய ஷோகேஸ். அதன் நடுத்தட்டு காலி. ஹுமேரா சுவரோரம் நின்றாள். அவள் அம்மா அஜீஸுன்னிசா, சமையலறை வாசலில் தட்டில் டீ வைத்துக்கொண்டு, வெளியே வருவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தார்.

மேடம் பச்சை பஸ்ஸை மேஜைமேல் வைத்தார். ஹபீப் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அதை எடுத்துடுங்க. அந்தப் பையன் சொல்லி அனுப்பிச்ச கதையையும் எடுத்துட்டுப் போயிடுங்க."

"கதை ஒண்ணும் கொண்டாரலை பாய். ஒரு கலர் கொண்டாந்திருக்கேன். இது இன்னா கலர்னு சொல்லுங்க." மேடம் இருந்த இடத்திலிருந்தே ஸ்வாட்ச்சைத் தூக்கிக் காட்டினார்.

பத்தடி தூரம். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "என் பஸ் கலர். இதே சிவப்புதான். என் கண்ணு தப்பாது. முப்பது வருஷமா ஃபாரின் பார்ட்டியெல்லாம் என் கண்ணை நம்பித்தான் ஆர்டர் குடுக்கறான்."

"தப்பலை. பின்னாடி திருப்பிப் பாருங்க."

வாங்கித் திருப்பினார். தன் கையெழுத்தைப் பார்த்து யாராவது இவ்வளவு நேரம் முழிப்பார்களா? முழித்தார்.

"தொண்ணூத்தாறு... ஆமா. கல்யாணமான புதுசு. இவ கேட்டா. உங்க பஸ் மாதிரியே சிவப்பா ஒரு ஹேண்ட்பேக் வேணும், கலர் கலக்கிக் குடுங்க, எங்க அண்ணன்கிட்ட குடுத்து செய்யச் சொல்றேன்னா. பஸ்ஸை எடுன்னேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறாங்க, ஷோகேஸ் சாமானெல்லாம் பெட்டிக்குள்ள கட்டியாச்சின்னா. சரி, கண்ணுக்குள்ள இருக்கு, கலக்கறேன்னு..." பேச்சு மெதுவாகி நின்றது. சமையலறை வாசலைத் திரும்பிப் பார்த்தார். "அந்த ஹேண்ட்பேக் எங்க? நான் பார்த்ததே இல்லையே!"

இருபத்தெட்டு வருஷம்! பெண்டாட்டி கேட்ட கைப்பை வீட்டுக்கு வரவே இல்லை என்பதை ஒரு புருஷன் கவனிக்க இருபத்தெட்டு வருஷம் ஆகியிருக்கிறது. நான் உடனே வீட்டுக்குப் போய் என் மனைவியின் பைகளை எண்ணிப் பார்க்கவேண்டும் என்று முடிவு செய்தேன்.

அஜீஸுன்னிசா தட்டை அங்கேயே கீழே வைத்தார். டீ சிந்தியது.

"ஹேண்ட்பேக் கிடையாது," என்றார். "இந்த பஸ்ஸுதான்."

"அம்மி!" என்றாள் ஹுமேரா.

"நீ இரு. நாலு நாளா சொல்லணும்னு வாயைத் திறக்கறேன், வார்த்தை வரலை. அதான் இந்தம்மாகிட்ட உன்னை அனுப்பினேன். இவங்க கண்டுபிடிச்சிச் சொல்லட்டும்னு." மேடத்தைப் பார்த்தார். "ஆனா நீங்களும் என்னையே சொல்ல வெச்சிட்டீங்க."

"நான் சொன்னா அது கேஸு, நீங்க சொன்னாத்தான் குடும்பம்," என்றார் மேடம்.

அஜீஸுன்னிசா சோபா விளிம்பில் உட்கார்ந்து, கணவரைப் பார்க்காமல் பேசினார். "கல்யாணமாகி பத்தொன்பது நாள். ரம்ஜானுக்கு வெள்ளையடிக்கணும்னு நான்தான் சாமானெல்லாம் கட்டினேன். பஸ் மேல ஒரு மைக்கறை. பேரணாம்பட்டுல எங்க வீட்டுலயும் தோல் வேலைதான், எந்தக் கறையா இருந்தாலும் தின்னர்தான். பை, செருப்பு, சோபா, எதுக்கும் அதான். தோலுக்கு ஒண்ணும் ஆவாது. துணியில தொட்டுத் துடைச்சேன். கறை போச்சி. கூடவே ஜன்னலும் போச்சி. பதறிப்போய் இன்னும் துடைச்சேன். கூரை உள்ள அமுங்கிடுச்சி."

எனக்கு தௌசீப்பின் முகம் ஞாபகம் வந்தது. இந்தக் கதையை அவனிடம் மெதுவாகத்தான் சொல்லவேண்டும்.

"என்கிட்டயும் அதே பஸ்ஸு இருந்தது. பச்சை. மறுநாளே அம்மா வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வந்தேன். இவர் கலக்கின சிவப்பை பஞ்சு வெச்சி ஏழு தடவை ஒத்தி எடுத்தேன், இவர் ஷெட்டுக்குப் போன நேரமாப் பார்த்து. ஃபார்மலின் அடிச்சா வாடை காட்டிக் குடுத்துடும், அதனால அடிக்கலை. வெள்ளிக்கிழமை துடைக்க இவருக்கு நானே காய்ஞ்ச துணி எடுத்துக் குடுத்து, ஈரம் படாம பார்த்துக்கிட்டேன். கூரை மேல இவர் பண்ண வெள்ளை அசிங்கத்தையும் பண்ணேன். அதுதான் இருக்கறதுலயே கஷ்டமா இருந்தது."

ஹபீப் பாய் ஸ்வாட்ச்சையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் வரப்போகிறது என்று நினைத்து நான் கதவுக்கு எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டேன். வந்தது வேறு.

"இருபத்தெட்டு வருஷம் துடைச்சிருக்கேன். கண்டுபிடிக்கலையே! ஆம்பூர்ல என் கண்ணை ஏமாத்த ஆள் கிடையாதுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

"அது நிஜம்தான் பாய்," என்றார் மேடம். "வேற யாரு கலக்கியிருந்தாலும் மறுநாளே பிடிச்சிருப்பீங்க. உங்களை ஏமாத்த உங்களாலதான் முடிஞ்சது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் போயும்விட்டது. மனைவி பக்கம் திரும்பினார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? ஒரு பொம்மைக்காக உன்னைத் திட்டியிருப்பனா? அவ்வளவு பயமா என்கிட்ட?"

"பயம் இல்லங்க." அஜீஸுன்னிசாவின் குரல் உடைந்தது. "மாமா மவுத்தாகி, அடக்கம் பண்ணி அப்ப மூணு மாசம்தான் ஆயிருந்தது. நீங்க யார்கிட்டயும் அவரைப் பத்திப் பேச மாட்டீங்க. பஸ்ஸைத் துடைக்கும்போது மட்டும்தான் வாயைத் திறப்பீங்க. அப்பா இப்படி, அப்பா அப்படின்னு. அதை நான் உருக்கிட்டேன்னு எப்படிச் சொல்றது?"

ஹபீப் பாய் தாடியைத் தடவிக்கொண்டே நின்றார். கண் கலங்கியதை மறைக்க அவர் முயற்சி செய்யவில்லை.

"அப்ப நான் இத்தனை வருஷம் எதைத் துடைச்சிக்கிட்டுப் பேசிட்டிருந்தேன்?" என்றார். "அவர் வாங்கினதே இல்லையே இது."

"அவர் வாங்கினதுதான்." அஜீஸுன்னிசா முதல்முறையாகக் கணவரை நேராகப் பார்த்தார். "ஜெர்மனியில இருந்து ரெண்டு வாங்கினார். சிவப்பு உங்களுக்கு. பச்சை, பேரணாம்பட்டுல தன் தோஸ்தோட பொண்ணுக்கு. எங்க அப்பா சொல்லியிருக்கார். ரெண்டு பஸ்ஸும் ஒரே பையிலதான் வந்துச்சி."

ஹபீப் பாய் பஸ்ஸைக் கையில் எடுத்தார். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஜிப்பாப் பையிலிருந்து போனை எடுத்து மகளிடம் நீட்டினார். "உன் நம்பர்ல இருந்து போட்டா உடனே எடுப்பான்னு எனக்குத் தெரியும். இதுல இருந்து போடு. எடுக்கறானா பார்க்கறேன்."

முதல் மணியிலேயே எடுத்தான். ஸ்பீக்கரில் அவன் மூச்சு கேட்டது. "அ... அஸ்ஸலாமு அலைக்கும் அங்கிள். நான் எடுக்கலை அங்கிள், சத்தியமா..."

"வ அலைக்கும் ஸலாம். தப்பு என்னுதுதான், மாப்ளே. மன்னிச்சிடுங்க. நாளைக்கு ஜும்மா முடிஞ்சதும் வீட்டுப் பெரியவங்களைக் கூட்டிக்கிட்டு வாங்க."

ஹுமேரா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அல்லது சிரித்தாள். பக்கத்தில் நின்ற எனக்கே எது என்று தெரியவில்லை.

"மாப்ளே? இருக்கீங்களா?"

"இருக்கேன் மாமா!" அவன் குரல் கீச்சென்று ஏறி இறங்கியது. "மாமா, அந்த பஸ்ஸுக்கு நல்ல சிவப்பா நானே அடிச்சித் தர்றேன். ஒரே ராத்திரி போதும். காலையில பழையபடி ஷோகேஸ்ல இருக்கும்."

ஹபீப் பாய் மனைவியைப் பார்த்தார். அஜீஸுன்னிசா தலையை மெல்ல ஆட்டி வேண்டாம் என்றார்.

"வேணாம் மாப்ளே," என்றார் ஹபீப் பாய், பஸ்ஸை ஷோகேஸின் நடுத்தட்டில் வைத்தபடி. "பச்சையாவே இருக்கட்டும். அது எங்க வீட்டம்மாவோட பஸ்ஸு."